பொன்னுசாமிக்குப் படித்துக் காட்டிய கதை

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரையாவது ஒருநாள் மலைமேல் போடுவார்கள். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கையில் ஒரு புத்தகத்தோடு வந்து நின்று, "இதுல என்ன இருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? பயிற்சி வகுப்பில் இதற்குப் பாடம் கிடையாது. எனக்கும் இருக்கவில்லை. என்னைப் பழக்கிய மூத்த நூலகர், "புத்தகத்தைக் கொடு, அப்புறம் தள்ளி நில். வாசகருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் மூக்கை நீட்டாதே" என்பார். நல்ல யோசனைதான். கீழே இருந்த ஊர்களில் எல்லாம் அதை வைத்தே காலம் தள்ளினேன். மலைமேல் ஒரு மத்தியானம் அது உதவவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னைக் கொல்லிமலைக்கு மாற்றினார்கள். எனக்கு ஊர் அடிவாரம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வியாபாரிகள். பாத்திரக்கடை, துணிக்கடை, அரிசி மண்டி என்று இருப்பார்கள். சம்பளத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். மலையில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதால் வியாழன் மாலை பஸ்ஸில் இறங்கி, ஜும்ஆ தொழுகைக்கு ஊரில் இருந்துவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வந்துவிடுவேன். மனைவியை வாரம் ஒருமுறை பார்த்தேன். ஒரே மகள் நஸீமா திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளை விடுமுறைக்கு விடுமுறைதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். "சாப்பிட்டியா?" என்பேன். "சாப்பிட்டேன் அத்தா" என்பாள். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு கிடைக்காது. பூத்தின் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் போனபோது அந்த நூலகத்துக்கு வருகிறவர்கள் செய்தித்தாள் பார்க்க வரும் ஏழெட்டுப் பெரியவர்கள்தான். பெண்கள் யாரும் படியேறவில்லை. அந்தச் சமயத்தில் அடிவாரத்தில் வாடகை நூல்நிலையம் வைத்திருந்த என் மச்சான், வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துவிட்டதால் கடையை ஜெராக்ஸ் கடையாக மாற்றினார். அவரிடம் இருந்த மாத நாவல்களை மூட்டை கட்டி, "உங்க மலைக்குக் கொண்டு போங்க மச்சான், எடைக்குப் போட மனசு வரல" என்றார். பஸ்ஸின் மேல் கட்டி ஏற்றிக்கொண்டு போனேன்.

மூட்டையைப் பிரித்த பிறகுதான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று தெரிந்தது. நான் இளைஞனாக இருந்தபோது மாத நாவல் என்றால் கொலை, ஆவி, மாமியார் கண்ணீர். இது வேறு மாதிரி. பள்ளிப் படிப்பு முடித்துப் பதினெட்டைத் தாண்டிய பெண்தான் கதாநாயகி. கல்லூரிக்குப் போவாளா, கல்யாணத்துக்குப் போவாளா என்று நிற்கிற வயது. அவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். பஸ்ஸில் ஒருவன் பார்ப்பான். மழை பெய்யும். மழை பெய்தால் அடுத்த சில பக்கங்களை நீங்கள் தனியாக இருக்கும்போதுதான் படிக்க முடியும். அட்டையில் நனைந்த பெண்ணின் படம். அந்த வருடங்களில் இப்படிப்பட்ட கதைகள்தான் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கொடிகட்டித் தொங்கின. நல்ல இலக்கியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தூக்கிப் போடவும் கை வரவில்லை. பள்ளி முடித்தவர்களுக்கு மட்டும் தருவது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டு தனி அலமாரியில் அடுக்கினேன்.

எப்படித்தான் சேதி பரவியதோ, மிளகுக் காட்டு வேலை முடிந்த கையோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி வந்தாள், அவள் தோழி வந்தாள், தோழியின் அண்ணி வந்தாள். செய்தித்தாள் பெரியவர்களுக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. "இது லைப்ரரியா, தண்ணிக் கொழாயா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு வெளியே போய் நின்று படித்தார்.

அந்த அட்டைப் படத்தோடு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் பஸ்ஸில் எப்படிப் போவார்கள்? நான் நூலகத்துக்காரன் புத்தியில் ஒரு காரியம் செய்தேன். பழைய காக்கித் தாள் வாங்கி, அந்த நாவல்களுக்கு மட்டும் அட்டை போட்டு ஒட்டினேன். படம் மறைந்தது. நிம்மதியாக இருந்தது. ஒரே மாதத்தில் மலை முழுக்கக் காக்கி அட்டை என்றால் அந்தப் புத்தகம்தான் என்று ஆகிவிட்டது. "சார், போலீஸ் புக்கு புதுசா வந்திருக்குதுங்களா?" என்று பெண்கள் கேட்டார்கள். கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டியதை, தூரத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்படி செய்திருந்தேன். நீங்கள் எதையாவது மறைத்து வைப்பதாக இருந்தால், மறைப்பதற்கென்று தனி நிறம் வைக்காதீர்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி தனலட்சுமி. திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு நான் பெரிய நாவல்களாக எடுத்துக் கொடுத்தேன். வரிசையாகப் படித்துவிட்டு வந்து ஒருநாள் சொன்னாள். "நீங்க குடுக்கற பெரிய புக்குல எல்லாம் பொண்ணுங்க கடைசியில செத்துப் போறாங்க சார். போலீஸ் புக்குல பஸ் ஏறிப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.

நாமக்கல்லில் ஆசிரியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் ஊரிலிருந்து பயிற்சிக்குப் போகிற முதல் பெண். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், நூலகத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நான் எழுந்த நேரத்தில், அவள் அப்பா பொன்னுசாமி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் காக்கி அட்டைப் புத்தகம். அவருக்குப் பின்னால், ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ் நிழற்குடையில் தனலட்சுமி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க பாய், இது உங்க புக்குதானுங்களே?"

"ஆமாங்க."

"மொளகு காயப்போடற பாயைச் சுருட்டறேன், உள்ளுக்குள்ள இருக்குது. ஊர்ல கேட்டா, இது அந்த மாதிரி புக்குங்கறாங்க. என்ற அண்ணன் சொல்றாரு, இதப் படிக்கற புள்ளயக் கீழ அனுப்பாத, தையில ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருங்கறாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. அடுத்தவன் சொல்றத வெச்சு என்ற புள்ளய முடிவு பண்ண எனக்கு இஷ்டமில்ல. நீங்க படிங்க. நான் கேக்கறேன். கேட்டுட்டுச் சொல்றேன், திங்கக்கெழம பஸ் ஏத்தறதா வேண்டாமான்னு."

பெஞ்சில் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார். கோபம் தெரியவில்லை. ஆட்டை விலை பேச வந்தவரைப் போலப் பொறுமையாக இருந்தார். அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

மறுத்திருக்கலாம். மறுத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கதாநாயகி பெயர் செல்வி. ஆற்றோரத்து ஊர். எதிர்வீட்டுப் பையன் ரவி. பொன்னுசாமி கதை கேட்டவிதம் எனக்குப் புதிது. மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் விசாரிப்பதைப் போல விசாரித்தார்.

"அந்தப் பையனுக்குக் காடு எவ்வளவுங்க?"

"கதையில சொல்லலீங்க."

"பம்புசெட்டு இருக்குதுங்கறீங்க. அப்பக் கெணறு இருக்கும். அப்பன் என்ன பண்றான்?"

"மில்லுல வேலைன்னு போட்டிருக்குதுங்க."

"மில்லு வேலக்காரனுக்குப் பம்புசெட்டு எப்படீங்க?"

"அது அவங்க மாமா காடுங்க."

"ம். மேல படிங்க."

செல்வி காலேஜுக்கு மனுப் போட்ட இடம் வந்தபோது முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். செல்வியின் அப்பா குடித்துவிட்டுத் திட்டிய இடத்தில், "அவனுக்கெல்லாம் புள்ள ஒரு கேடா" என்றார். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சும் வந்து, ரவியையே கட்டிக்கொடுக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு கதையில் மேகம் கறுத்தது.

புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. பல கை பட்டு ஓரங்கள் கறுத்திருந்தன. மழைக்குச் செல்வியும் ரவியும் பம்புசெட்டு அறைக்குள் ஒதுங்குகிறார்கள். என் கண் முதல் பத்தியின் மேல் ஓடியது. எதிரில் இருந்தவர் ஒரு பெண்ணின் அப்பா. நானும் ஒரு பெண்ணின் அப்பா. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பக்கங்களை வைக்க என் நாக்கு எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினேன். மழை விட்டது. மறுநாள் செல்வி பஸ் ஏறினாள். அங்கிருந்து கடைசி வரி வரை படித்து மூடினேன்.

பொன்னுசாமி மூடிய புத்தகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய். நேத்து வரைக்கும் அவங்கூட நல்லா இருந்தவ, விடிஞ்சதும் எதுக்குப் பஸ் ஏறறா?"

"படிக்கப் போறாங்க."

"அவங்கிட்டச் சொல்லிட்டாப் போறா?"

நான் தாண்டிவந்த பக்கத்தில் அது இருந்தது; முன்பே படித்திருந்ததால் எனக்குத் தெரியும். "அப்படி ஒண்ணும் வரலீங்க" என்றேன்.

"கட்டிக்கறேன்னு காத்துக்கிட்டிருக்கறவங்கிட்டயும் சொல்லல. பெத்தவங்கிட்டயும் சொல்லல. பேசாமப் பஸ் ஏறிப் போயிட்டா." துண்டை உதறித் தோளில் போட்டார். "அசிங்கம் அசிங்கம்னாங்க. அசிங்கம் ஒண்ணுமில்லீங்க இதுல. ஆனா இது அதவிட மோசம். சொல்லாம ஓடறதுக்குச் சொல்லிக் குடுக்குது. என்ற புள்ள திங்கக்கெழம பஸ் ஏறாதுங்க."

எழுந்து கதவைத் திறந்து, "தனம்" என்று கூப்பிட்டார்.

நமக்குக் கூச்சமான பக்கங்களை எடுத்துவிட்டால் புத்தகத்தில் மீதி சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறோம். மீதி வேறு கதையாகிவிடுகிறது. அந்த வேறு கதை ஒரு பெண்ணின் படிப்பை என் கண் முன்னால் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

தனலட்சுமி ரோட்டைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"போலாம் சாமி. டீச்சருக்கெல்லாம் போக வேண்டாம். அந்தப் புள்ள மாதிரி சொல்லாமக் கொள்ளாமப் போற படிப்பு நமக்கு வேண்டாம்."

"எந்தப் புள்ளப்பா?"

"அதான், கதையில. செல்வி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்தாள். அது அதே இடத்தில் விரிந்தது.

"சார், இதப் படிக்கலீங்களா?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"எத?" என்றார் பொன்னுசாமி.

"அவ சொல்லிட்டுத்தாம்பா போறா. இங்கதான் சொல்றா. சார் அத உட்டுட்டுப் படிச்சிருக்கறாரு."

"நீ அதப் படிச்சியா?"

அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படித்துக் காட்டுகிறவர்கள் ஏன் சில பக்கங்களை விட்டுவிட்டுப் படிப்பார்கள் என்று மட்டும் அவரால் ஊகிக்க முடிந்தது. அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தப் பக்கம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆகும்.

"படிச்சேம்ப்பா" என்றாள். புத்தகத்தை மேசையில் திரும்ப வைக்கும்போது விரித்தபடியே வைத்தாள்.

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வெளியில போய் நில்லு கண்ணு" என்றார். அவள் போனதும் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். "படிங்க பாய்."

"வேண்டாமுங்க. அது வந்து..."

"உங்களுக்கும் பொட்டப்புள்ள இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அப்படித்தான் படித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி வந்து பலாமரத்தை மறைத்திருந்தது. நான் சுவரில் இருந்த விதிமுறைப் பலகையை நோக்கி, வானொலியில் சந்தை நிலவரம் வாசிப்பவரைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தேன். ஈரத்துணி, மூச்சு, விரல் எல்லாம் என் வாயில் தக்காளி கிலோ என்ன விலை என்பதைப் போலத்தான் வந்தன. காது மட்டும் எரிந்தது.

நடுவில் ஒருமுறை, "இன்னும் எவ்வளவு இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"ஒரு பக்கம்."

"ம்."

அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் செல்வி ரவியின் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். இப்போது வேண்டாம் என்கிறாள். உன்னைப் பிடிக்கும், ஆனால் நான் முதலில் படிக்கப் போகிறேன், நாளைக்குப் பஸ் ஏறுகிறேன் என்கிறாள். அவன் கையை எடுத்துக்கொள்கிறான். இரண்டு பேரும் மோட்டார்ப் பெட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து மழை விடும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்த எடத்த மறுக்காப் படிங்க" என்றார்.

"எந்த எடம்?"

"கையை எடுக்கச் சொன்ன எடம்."

படித்தேன்.

"எடுத்துட்டானா?"

"எடுத்துட்டான்."

"கோவிச்சுக்கலியா?"

"இல்லீங்க. நாளைக்குப் பொட்டிய நான் தூக்கிட்டு வரட்டுமான்னு கேக்கறான்."

மூக்கால் சிரித்தார். "கதைன்னா அப்படித்தான் எழுதுவாங்க."

அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "இவ அக்காளக் கட்டிக் குடுத்தப்ப அவளும் வேண்டாம்னுதான் சொன்னா பாய். அழுதுக்கிட்டே சொன்னா. நாங்க கேக்கல. கட்டிக்கிட்டவனும் கேக்கல."

"இப்ப எங்க இருக்கறாங்க?"

"ஊட்லதான். வந்துட்டா."

எழுந்து, "வாரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மகளை அனுப்புவாரா மாட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பனியில் அவர் முன்னால் நடக்க, அவள் பத்தடி பின்னால் போனாள்.

நூலகத்தைத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தனலட்சுமி செய்ததை நினைத்து நினைத்துப் பார்த்தேன். தன் அப்பாவிடம், அதைப் படித்தேன் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும். சொன்னாளே. அதைச் சொல்லும் அளவுக்கு அந்த அப்பனும் மகளும் நெருக்கமாக இருந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு நஸீமாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பசியைப் போல இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பூத்துக்குப் போனேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தா."

"இப்ப என்னம்மா படிக்கிறே?"

"பாடந்தான் அத்தா."

"பாடம் தவிர?"

"ஏன் அத்தா? யாராச்சும் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

"ஒண்ணுமில்ல அத்தா. செமஸ்டருக்குத்தான் படிக்கிறேன்."

மீட்டர் ஓடியது. வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நாமக்கல்லில் எனக்கு அலுவலக வேலை இருந்தது. முதல் பஸ்ஸுக்குப் போய் நின்றேன். வேலை ஒன்றும் அவ்வளவு அவசரம் இல்லை. இன்னொரு நாள்கூடப் போயிருக்கலாம். பஸ் கிளம்புகிற நேரம் வரை அவர்களைக் காணவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊத வாயில் வைத்தபோது, பாதையின் திருப்பத்தில் பொன்னுசாமி தலையில் ஒரு தகரப் பெட்டியோடு ஓடிவந்தார். பின்னால் தனலட்சுமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பெட்டிக்கு லக்கேஜ் போடணும் கவுண்டரே" என்றார் கண்டக்டர்.

"போடுங்க. ஆளுக்குப் போட்டுட்டுப் பெட்டிக்குப் போடுங்க."

வளைவுகளில் இறங்கும்போது அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அவர் அவள் நெற்றியைத் தாங்கி ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டார். "இதுக்கே இப்படின்னா நீ எப்படி மாசாமாசம் ஊட்டுக்கு வருவ?" என்றார். "எலுமிச்சம்பழம் வாங்கிக்கறேம்ப்பா" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாளா, வாந்தியில் கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

விடுதிவரை நானும் போனேன். அங்கிருந்த அம்மாள் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது. பெட்டியில் தின்பண்டம் வைக்கக் கூடாது. கதைப் புத்தகம் வைக்கவே கூடாது.

"ஏனுங்க, கதைப் புக்குப் படிச்சா என்னங்க?" என்றார் பொன்னுசாமி.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க படிச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு படிச்சிருக்கறனுங்க."

நான் இருமிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது தனலட்சுமி வாயைத் தாவணியால் மூடிக்கொண்டிருந்தாள். அவள் இப்போது மலையிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் டீ குடித்தோம். மகளை விட்டுவிட்டு வந்த அவர் கை எங்கே இருப்பது என்று தெரியாமல் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தது. எதிரில் மலைக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. பக்கத்தில் திருச்சி பஸ்.

"உங்க புள்ள எங்கீங்க இருக்குது?"

"திருச்சியிலங்க. ஹாஸ்டல்தான்."

"அதுவும் இந்தப் போலீஸ் புக்கெல்லாம் படிக்குமுங்களா?"

"தெரியலீங்க."

"கேக்கலீங்களா?"

"கேட்டேன். சொல்லல."

"போன்லயா கேட்டீங்க?" என்றார். நான் தலையாட்டினேன். "போன்ல எந்தப் புள்ள சொல்லும்?" டம்ளரை வைத்துவிட்டு மலை பஸ்ஸில் ஏறினார். நான் அவர் பின்னால் இரண்டு அடி போய், அப்புறம் திரும்பித் திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அலுவலக வேலையைப் பார்க்கவே இல்லை.

வழியில் கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். உனக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும் என்று கேட்கலாம். எங்கள் நூலகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது என்று ஆரம்பிக்கலாம். செல்வி, ரவி, பம்புசெட்டு அறையைப் பற்றிப் பேசாமல், பொன்னுசாமி காடு எவ்வளவு என்று கேட்டதை மட்டும் சொன்னால் சிரிப்பாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க முயன்றேன். வரவில்லை.

விடுதியில் பார்வையாளர் அறையில் உட்காரச் சொன்னார்கள். நஸீமா படிகளில் ஓடிவரும் சத்தம் கேட்டது. முக்காடு தோளில் சரிந்திருந்தது. கை ஈரமாக இருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"அத்தா, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"நன்னாவுக்கா?" என் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவாள். முகம் வெளுத்துவிட்டது. "சொல்லுங்க அத்தா. நன்னா மௌத்தாயிட்டாங்களா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"இன்னிக்குத் திங்கக்கிழமை. உங்களுக்கு டியூட்டி."

"ஆமா. சும்மா வந்தேன்."

அவள் நம்பவில்லை. என் முகத்திலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வாங்கிப் போன ஆரஞ்சுப் பையைக் கொடுத்தேன். அதை வாங்கிய விதத்திலும் பயம் இருந்தது. அடுக்கிவைத்த கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன் அத்தா" என்றாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். படியேறும்போது நின்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி நின்று பார்த்தாள்.

அன்று மாலையே அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "அத்தாவுக்கு டாக்டர் என்ன சொன்னாரு, மறைக்காமச் சொல்லும்மா" என்று அழுதிருக்கிறாள். வியாழக்கிழமை வீட்டுக்குப் போனபோது மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லதானே?" என்று அவளும் கேட்டாள்.

அப்பா காரணம் இல்லாமல் பார்க்க வந்தால், அவருக்குச் சாவு வந்திருக்க வேண்டும் என்று என் மகள் நினைத்திருக்கிறாள். நான் விருப்ப ஓய்வு வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கல்யாணமாகி அவள் வெகுதூரத்தில் இருக்கிறாள். அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. நாளெல்லாம் மற்றவர் பிள்ளைகளுக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம் என்று யோசிக்கிற வேலை நம்முடையது. உங்களில் பலருக்கும் வீட்டில் வளர்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். மூன்றாவது முறைதான் அவள் பயப்படாமல் மெதுவாகப் படியிறங்கி வந்தாள். பிறகு ஒருமுறை, பொன்னுசாமி காடு எவ்வளவு என்று விசாரித்ததைச் சொன்னேன். சிரித்தாள். அது என்ன கதை என்று கேட்கவில்லை. என்ன படிக்கிறாய் என்று நான் கேட்பதற்கும், அவள் பயப்படாமல் பதில் சொல்வதற்கும் இன்னும் எத்தனை முறை அந்த அறையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டுமோ தெரியாது. அதற்குள் அவள் படிப்பு முடிந்துவிட்டது.